விடை இடிக்கிறதா? வடிவியல் வாக்கியக் கணக்கில் இருபடிச் சமன்பாடு தப்பும் இடங்கள்

தோட்டம், பாதை, வேலி, பெட்டி என்று வாக்கியமாக வரும் கணக்கில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரியும். காரணிப்படுத்தல் சரியாக இருக்கும், சூத்திரமும் சரியாகப் போட்டிருப்பார்கள், விடை மட்டும் பொருந்தாது. உடனே அதே சமன்பாட்டை முதலிலிருந்து மறுபடி தீர்ப்பார்கள், அதே விடைதான் வரும், வேறு என்ன வரும்? பிழை தீர்க்கும் இடத்தில் இல்லையே. வாக்கியத்தைப் படமாக்கி, படத்தைச் சமன்பாடாக்கும் முதல் இரண்டு வரியில் இருக்கும், இல்லாவிட்டால் கடைசியில் இரண்டு மூலத்தையும், அதாவது சமன்பாட்டைத் தீர்த்து வந்த இரண்டு மதிப்பையும், கையில் வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கும். எந்த மாதிரித் தப்பு என்பதை வந்த விடையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவோம்.

அதற்கு முன் ஒரு விஷயம். நீங்கள் எக்ஸ் என்று எழுதும் இடத்தில் நான் ப, அ என்று எழுதப்போகிறேன். பாதையின் அகலம் என்றால் ப, வெறும் அகலம் என்றால் அ. உங்கள் நோட்டில் எக்ஸ் என்றே இருக்கட்டும், ஆனால் கணக்கின் முதல் வரியாக "எக்ஸ் = பாதையின் அகலம், மீட்டரில்" என்று முழுசாக எழுதிவிடுங்கள். "எக்ஸ் என்க" என்று மட்டும் எழுதிவிட்டு ஓடுவதுதான் கீழே வரும் பல குழப்பங்களுக்கு வேர்.

விடை அழகான முழு எண், ஆனால் தப்பு

கணக்கு இது: 20 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் உள்ள செவ்வகத் தோட்டம். அதற்கு வெளியே நாலு பக்கமும் ஒரே அகலத்தில் பாதை. பாதையின் பரப்பு மட்டும் 152 ச.மீ. பாதையின் அகலம் என்ன?

நிறைய பேர் எழுதுவது:

(20 + ப)(14 + ப) − 280 = 152

விரித்தால் ப² + 34ப − 152 = 0. தன்மைகாட்டி (சூத்திரத்தில் வர்க்கமூலக் குறிக்குள் நிற்கும் எண்) 1764, அது 42-இன் வர்க்கம். ப = 4 அல்லது −38. குறை எண்ணை அடித்துவிட்டு "4 மீட்டர்" என்று எழுதி, அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். முழு வர்க்கம் வந்தது, முழு எண்ணும் வந்தது, இனி என்ன சந்தேகம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் பாதை 4 மீட்டர் அகலம் என்றால் வெளிச் செவ்வகம் 28 × 22 = 616, அதில் தோட்டத்தின் 280 போக மீதி 336. கணக்கு கேட்டது 152.

பாதை இடப்பக்கமும் இருக்கிறது, வலப்பக்கமும் இருக்கிறது. நீளம் இரண்டு முனையிலும் கூடும், அகலமும் அப்படித்தான்:

(20 + 2ப)(14 + 2ப) − 280 = 152
4ப² + 68ப − 152 = 0
ப² + 17ப − 38 = 0
(ப + 19)(ப − 2) = 0

ப = 2. சரிபார்த்தால் 24 × 18 = 432, அதில் 280 போக 152. பொருந்துகிறது.

முதல் சமன்பாடு சரியான விடையை அச்சு அசலாக இரண்டு மடங்காக்கித் தந்திருக்கிறது பாருங்கள். அங்கே ப என்ற எழுத்து பாதையின் அகலத்தைக் குறிக்கவேயில்லை, இரண்டு முனையும் சேர்ந்து கூடிய மொத்தத்தைக் குறித்தது, அந்த மொத்தம் 4 மீட்டர்தான், அதில் பொய் இல்லை. எழுத்துக்கு நாம் மனதில் வைத்த பொருளும் சமன்பாடு வைத்துக்கொண்ட பொருளும் வேறு வேறாகிவிட்டது. அதனால்தான் முதல் வரியில் முழுசாக எழுதச் சொன்னேன். போட்டோ சட்டம், மேசைவிரிப்பின் கரை, நீச்சல் குளத்தைச் சுற்றிய தளம் எல்லாமே இதே கணக்குதான், இதே இடத்தில்தான் வழுக்கும்.

இதற்கு நேர்மாறாக, புத்தக விடையில் பாதி வருகிறது என்றால், பாதை அடுத்தடுத்த இரண்டு பக்கம் மட்டும் இருந்திருக்கும், நீங்கள் பழக்கத்தில் 2ப போட்டிருப்பீர்கள். அந்தக் கணக்குக்கு (20 + ப)(14 + ப) தான் சரி.

இரண்டு மூலமும் குறை எண்ணாக வருகிறது

அதே தோட்டம். இந்த முறை 2ப சரியாகப் போட்டாகிவிட்டது, ஆனால் இப்படி எழுதியிருக்கிறது:

(20 + 2ப)(14 + 2ப) = 152

சுருக்கினால் ப² + 17ப + 32 = 0. மூலங்கள் சுமார் −2.16, −14.84. இரண்டுமே உதவாது.

உண்மையில் தீர்க்கவே வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்த பிறகு மூன்று உறுப்பும் கூட்டல் குறியோடு நின்றால் அந்தச் சமன்பாட்டுக்கு மிகை மூலம் இருக்கவே முடியாது, மூன்று மிகை எண்களைக் கூட்டி எப்படிப் பூச்சியம் வரும்? அந்த வரியிலேயே பேனாவை நிறுத்திவிட்டு வாக்கியத்துக்குத் திரும்புங்கள், ஐந்து நிமிடம் மிச்சம்.

இங்கே நடந்தது என்ன? 152 என்பது பாதையின் பரப்பு. அதை வெளிச் செவ்வகம் முழுவதன் பரப்பாக எடுத்தாகிவிட்டது. தோட்டம் மட்டுமே 280, அதற்கு வெளியே பாதையும் போட்ட பிறகு மொத்தம் 152 ஆக வேண்டுமென்றால் தோட்டம் உள்ளே சுருங்கினால்தான் உண்டு, சமன்பாடு −2.16 என்று சொல்வது அதைத்தான். "பாதையின் பரப்பு", "பாதையோடு சேர்த்த பரப்பு", "பாதை நீங்கலாக" மூன்றும் வாசிக்கும்போது ஒரே மாதிரி காதில் விழும், மூன்றும் மூன்று சமன்பாடு. அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டுவிட்டு, படத்தில் அந்தப் பகுதியை மட்டும் பென்சிலால் தீட்டுங்கள். தீட்டிய பகுதிதான் கொடுத்த எண்ணுக்குச் சமம், தீட்டாதது எதுவும் சேரக்கூடாது.

வர்க்க உறுப்பு வரவே இல்லை

இன்னொரு நோட்டில் வேறு வழி. பாதையை நாலு துண்டாகப் பிரித்து, மேலும் கீழும் 20ப, 20ப, பக்கவாட்டில் 14ப, 14ப, ஆக 68ப = 152, ப = 2.235. இருபடிச் சமன்பாட்டுப் பாடத்தில் வர்க்கமே இல்லாத சமன்பாடு வந்தால் அதுவே பெரிய அடையாளம்.

எது விட்டுப்போனது என்று மேலே உள்ள சரியான சமன்பாட்டைப் பாருங்கள், 4ப² + 68ப. 68ப இருக்கிறது, 4ப² இல்லை. படத்தில் அந்த 4ப² எங்கே இருக்கிறது? நாலு மூலையில், ப நீளமும் ப அகலமும் உள்ள நாலு சின்னச் சதுரமாக. இந்த மாதிரிக் கணக்குகளில் வர்க்க உறுப்பு வருவது மூலையால்தான், மூலையை விட்டால் வர்க்கம் போய்விடும்.

உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பாதை வெட்டிக்கொள்ளும் கணக்கில் இது தலைகீழாக நடக்கும். அதே 20 × 14 தோட்டத்தின் நடுவே நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று, இரண்டும் ஒரே அகலம், மொத்தப் பரப்பு 64 ச.மீ. என்றால் 20ப + 14ப = 64 என்று எழுதிவிடத் தோன்றும், 1.88 என்று ஏதோ ஒரு தசமம் வரும். வெட்டிக்கொள்ளும் சதுரத்தை இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்கள், ஒரு தடவை கழிக்க வேண்டும்: 34ப − ப² = 64, அதாவது (ப − 2)(ப − 32) = 0. 32 மீட்டர் பாதை 14 மீட்டர் தோட்டத்தில் அடங்காது, எனவே 2. சரிபார்க்க, 40 + 28 − 4 = 64.

மூலைச் சதுரத்தின் அருமையை 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் கணக்கில் அப்படியே பார்க்கலாம். ஒரு எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைச் சேர்த்தால் 39, எண் என்ன? ஒரு சதுரம் வரைந்து, அதன் இரண்டு பக்கத்தில் 5 அகலத்தில் இரண்டு பட்டை ஒட்டினால் மொத்தம் 39. மூலையில் 5 × 5 இடம் காலியாக நிற்கும். அந்த 25-ஐ நிரப்பினால் முழுச் சதுரம், பரப்பு 64, பக்கம் 8, அதில் பட்டையின் 5 போக 3. வர்க்கப் பூர்த்தி என்று நாம் எந்திரம் மாதிரி செய்யும் "பாதியாக்கி வர்க்கம் எடுத்துக் கூட்டு" என்பது இந்தக் காலி மூலையை நிரப்பும் வேலைதான். அதை ஒரு தடவை தாளில் வரைந்து பார்த்த பிள்ளைக்கு அந்தப் படி மறக்காது, என் அனுபவத்தில் சூத்திரத்தை நூறு தடவை எழுதுவதைவிட இது பலன் தருகிறது.

நடு உறுப்பு காணோம், விடையில் வர்க்கமூலம் நிற்கிறது

செங்கோண முக்கோணம், கர்ணம் 25 செ.மீ., மற்ற இரண்டு பக்கங்களின் வித்தியாசம் 5 செ.மீ. சின்னப் பக்கம் அ என்றால்:

அ² + (அ + 5)² = 625

இங்கே அடைப்பைப் பிரிக்கும்போது அ² + 25 என்று போட்டுவிட்டால் 2அ² = 600, அ² = 300, அ = 17.32. வெறும் வர்க்கமும் எண்ணும்தான் இருக்கும், அ என்ற உறுப்பே இருக்காது. வித்தியாசம் கொடுத்த கணக்கில் நடு உறுப்பு காணாமல் போனால் வேறு எதையும் தேடாதீர்கள், இந்த அடைப்பைத்தான் பாருங்கள். (அ + 5) பக்கமுள்ள சதுரத்தை வரைந்தால் அ² ஒன்று, 25 ஒன்று, நடுவில் 5 × அ செவ்வகம் இரண்டு. அந்த இரண்டும்தான் 10அ.

2அ² + 10அ + 25 = 625
அ² + 5அ − 300 = 0
(அ + 20)(அ − 15) = 0

பக்கங்கள் 15, 20, 25.

இதே கணக்கில் −20 வந்ததே, அதையும் கொஞ்சம் கவனியுங்கள். பெரிய பக்கம் 20, குறை மூலம் −20. தற்செயல் இல்லை. பெரிய பக்கத்தை அ என்று வைத்து ஆரம்பித்திருந்தால் அ² − 5அ − 300 = 0 வந்து, மூலங்கள் 20, −15 ஆகியிருக்கும். ஆக, அடித்துவிடும் மூலத்தில் மற்றொரு பக்கத்தின் நீளம் குறி மாறி உட்கார்ந்திருக்கிறது, வித்தியாசம் கொடுத்த கணக்குகளில் இதை ஒரு சரிபார்ப்பாகவே வைத்துக்கொள்ளலாம்.

குறை மூலத்தை விடலாமா என்றால், நீளத்துக்கு எழுத்து வைத்த கணக்கில் தாராளமாக விடலாம், அல்-குவாரிஸ்மியும் 3-ஐத்தான் சொன்னார், −13-ஐ எடுக்கவில்லை. ஆனால் "நீளம் குறை எண்ணாக இருக்காது, எனவே −20 பொருந்தாது" என்று ஒரு வரி எழுதிவிட்டு விடுங்கள். சும்மா அடித்தால் திருத்துபவருக்கு உங்களுக்குக் காரணம் தெரியுமா என்று எப்படித் தெரியும்?

இரண்டும் மிகை எண், எதை எடுப்பது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இங்கே பழக்கம் உதவாது, யோசித்தே ஆகவேண்டும். "சின்னதை எடு" என்று சொல்லித்தருகிறவர்கள் உண்டு, அது தவறான அறிவுரை. மூன்று விதமாக நடக்கலாம்.

முதல் விதம், ஒன்று தள்ளுபடி. 20 × 14 மனையின் உள்பக்கமாக, ஓரத்தை ஒட்டி நாலு பக்கமும் பாதை, அதன் பரப்பு 120 ச.மீ. உள்ளே மிஞ்சுவது 160, எனவே (20 − 2ப)(14 − 2ப) = 160, சுருக்கினால் ப² − 17ப + 30 = 0, ப = 2 அல்லது 15. 15-ஐ சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: (20 − 30)(14 − 30) = (−10)(−16) = 160. பொருந்திவிடுகிறது! சமன்பாட்டில் பிரதியிட்டுச் சரிபார்க்கும் பிள்ளை இங்கே ஏமாந்துபோகும், ஏனென்றால் குறையும் குறையும் பெருகி மிகையாகிவிட்டது. உள்ளே −10 மீட்டர் நீளம், −16 மீட்டர் அகலத்தில் ஒரு புல்வெளி கிடையாது. படத்தைப் பார்த்தாலே 14 மீட்டருக்குள் இரண்டு பக்கமும் பாதை வரவேண்டும், ஆகவே ப 7-க்குக் குறைவு என்று தெரியும். இந்த எல்லையைத் தீர்ப்பதற்கு முன்பே ஓரத்தில் எழுதிவையுங்கள், கடைசியில் எதை விடுவது என்று திணற வேண்டாம். 20 × 14 தகட்டின் நாலு மூலையிலும் சதுரம் வெட்டி, மடித்துப் பெட்டி செய்து, அடிப்பரப்பு 160 என்று கேட்டாலும் இதே சமன்பாடு, இதே இரண்டு மூலம், இதே காரணம்.

இரண்டாவது, இரண்டுமே சரி. வீட்டுச் சுவரை ஒரு பக்கமாக வைத்து 40 மீட்டர் கம்பிவேலியால் மற்ற மூன்று பக்கமும் அடைக்கிறோம், பரப்பு 150 ச.மீ. வேண்டும். சுவருக்குச் செங்குத்தான பக்கம் அ என்றால் அ(40 − 2அ) = 150, அ = 5 அல்லது 15. 5-க்கு 30, 15-க்கு 10. இரண்டும் வேலி போடக்கூடிய இரண்டு வேறு வடிவங்கள், கேள்வி வேறு நிபந்தனை எதுவும் தராவிட்டால் இரண்டையும் எழுத வேண்டும். "சுவரின் நீளம் 25 மீட்டர்" என்று எங்காவது ஒரு சொல் இருந்தால் 30 அடிபட்டுவிடும், அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, இரண்டும் ஒரே விடை. 56 செ.மீ. கம்பியை இரண்டாக வெட்டி இரண்டு சதுரம் வளைத்தால் பரப்புகளின் கூடுதல் 106 ச.செ.மீ. ஒரு சதுரத்தின் பக்கம் அ என்றால் மற்றது 14 − அ. அ² − 14அ + 45 = 0, அ = 5 அல்லது 9. 5 என்றால் மற்றது 9, 9 என்றால் மற்றது 5. ஒரே ஜோடிதான், எந்தச் சதுரத்துக்கு எழுத்து வைத்தோம் என்பது மட்டும் மாறுகிறது.

தன்மைகாட்டி குறை எண்ணாகிவிட்டது

பயப்பட வேண்டாம். காரணம் இரண்டில் ஒன்று: நீங்கள் சமன்பாட்டைத் தப்பாக அமைத்தீர்கள், அல்லது அப்படி ஒரு வடிவம் உண்மையிலேயே கிடையாது. எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

அதே சுவர், அதே 40 மீட்டர் வேலி, பரப்பு 200 ச.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரைக் கவனிக்காமல் சுற்றளவு 40 என்று எடுத்தால் அ(20 − அ) = 200, அதாவது அ² − 20அ + 200 = 0, தன்மைகாட்டி 400 − 800 = −400. நாலு பக்கமும் அடைத்தால் கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பரப்பு சதுரத்தின் பரப்புதான், பக்கத்துக்கு 10 மீட்டர், 100 ச.மீ. கேட்டது 200. இரண்டு மடங்கு தள்ளி இருக்கிறது என்றால் படத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, இங்கே சுவர். சரியாக எழுதினால் அ(40 − 2அ) = 200, அ² − 20அ + 100 = 0, தன்மைகாட்டி பூச்சியம், அ = 10, 10 × 20 என்ற ஒரே வடிவம். பூச்சியம் என்றால் அந்த வேலியால் அடைக்கக்கூடிய அதிகபட்சப் பரப்பைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். அதற்கு மேல் 210 கேட்டால் 400 − 420 = −20, சமன்பாடு சரி, வடிவம்தான் இல்லை. "அமைக்க முடியுமா?" என்று கேள்வி முடிந்தால் இந்த விடையைத்தான் எதிர்பார்க்கிறார்கள், "தன்மைகாட்டி குறை எண், மெய் மூலங்கள் இல்லை, எனவே அமைக்க முடியாது" என்று தைரியமாக எழுதுங்கள்.

ஆக, குறை வந்தால் முதலில் செவ்வகத்தின் சுற்றளவை நாலால் வகுத்து வர்க்கம் எடுங்கள். கேட்ட பரப்பு அதைத் தாண்டினால் நாலு பக்கச் செவ்வகமாக அது அமையாது. அப்புறம் படத்தில் சுவரோ ஆறோ வேலி தேவைப்படாத பக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சில்லறைச் சிக்கல்கள்

வர்க்கம் இரண்டு பக்கமும் வந்து கழிந்துபோகிறதா? எப்போதும் பிழை என்று நினைக்காதீர்கள். நீளம் அகலத்தைவிட 3 அதிகம், இரண்டையும் 2 கூட்டினால் பரப்பு 50 கூடுகிறது என்றால் (அ + 5)(அ + 2) − அ(அ + 3) = 50, வர்க்கம் போய் 4அ + 10 = 50, அ = 10. 130 எப்படி 180 ஆனது என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி வந்துவிட்டதா? பெட்டிக் கணக்காக இருக்கும். வெட்டும் சதுரத்தின் பக்கம் தெரியாது, கொடுத்தது கன அளவு என்றால் மூன்றாம் படிதான் வரும். இந்தப் பாடத்தில் பெரும்பாலும் வெட்டும் அளவைக் கொடுத்துவிட்டுத் தகட்டின் அளவைத்தான் கேட்பார்கள், தெரியாதது எது என்று மறுபடி வாசியுங்கள். நீளம் அகலத்தைவிட 5 செ.மீ. அதிகமான தகட்டில் 2 செ.மீ. சதுரம் வெட்டி 168 க.செ.மீ. பெட்டி என்றால் 2(அ − 4)(அ + 1) = 168, அ = 11, தகடு 11 × 16.

காரணி கிடைக்கவே மாட்டேன் என்கிறதா? சமன்பாட்டைச் சந்தேகப்படும் முன் தன்மைகாட்டியைக் கணக்கிடுங்கள். சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைவிட 4 செ.மீ. அதிகம் என்றால் (அ + 4)² = 2அ², அ² − 8அ − 16 = 0, தன்மைகாட்டி 128, முழு வர்க்கமில்லை. அ = 4 + 4√2, சுமார் 9.66, மூலைவிட்டம் 13.66. இதுதான் சரியான விடை, சதுரமும் மூலைவிட்டமும் சேர்ந்தால் √2 வராமல் போகாது. முழு எண் வரும்வரை குறிகளை மாற்றிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அலகு கலந்துவிட்டதா? பாதை 50 செ.மீ., தோட்டம் மீட்டரில் என்றால் எழுதும்போதே 0.5 ஆக்குங்கள். ஒரு ச.மீ. என்பது 10,000 ச.செ.மீ., 100 அல்ல.

சமன்பாடு சரி, மூலம் சரி, மார்க் மட்டும் போகிறதா? கம்பிக் கணக்குக்குத் திரும்புங்கள். 5, 9 என்று கண்டுபிடித்ததும் கட்டம் போட்டு முடித்துவிடத் தோன்றும். கேள்வியின் கடைசி வரி "துண்டுகளின் நீளம் காண்க" என்றால் விடை 20 செ.மீ., 36 செ.மீ., ஏனென்றால் 5-ம் 9-ம் சதுரங்களின் பக்கங்கள். துண்டின் நீளத்துக்கே எழுத்து வைத்திருந்தால் அ² − 56அ + 720 = 0 வந்து, எண்கள் பெரிதாகி, அதே 20, 36 நேராகக் கிடைத்திருக்கும். எந்த வழியில் போனாலும் சரி, சின்ன எண்ணுக்காகப் பக்கத்துக்கு எழுத்து வைத்தால் கடைசியில் நாலால் பெருக்க வேண்டும் என்று அந்த முதல் வரிக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.